என்னப்பா இப்படிப் பண்றீங்களேப்பா!

காமெடி நிகழ்ச்சியே பிடிக்காத ஆள் ஒரு காமெடி நிகழ்ச்சியைத் திட்டினால் யாரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அவருக்கு எதுவுமே பிடிக்காது, விட்டுவிடலாம். ஆனால் வாரம் தவறாமல் பார்த்து, வசனத்தை எல்லாம் மனப்பாடம் செய்து, சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்த ரசிகன் ஒருவன், தனக்குப் பிடித்த அதே நிகழ்ச்சியின் ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு "ச்சே" என்று எழுந்து போனால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது. அவன் ஏன் எழுந்து போனான் என்று நிகழ்ச்சி நடத்துபவர்கள் யோசிக்க வேண்டும். யோசித்ததாகத் தெரியவில்லை.

எந்த நிகழ்ச்சி? விஜய் டி.வி.யின் 'அது இது எது'. எந்த எபிசோடு? 2015வாக்கில் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்த "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா".

பத்து வருஷத்துக்கு முந்தைய காமெடியை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அன்றைக்கு அது தொட்ட வெற்றிதான் இன்றைக்குவரை தமிழ் டி.வி. காமெடிக்கு ஃபார்முலா. ஃபார்முலா தப்பு என்றால் அது எங்கே தப்பானது என்று தேடிப் போகத்தானே வேண்டும்?

திருச்சிக்காரர்களுக்கும் இந்த நிகழ்ச்சிக்கும் ஒரு உறவு உண்டு. அதை முதலில் நடத்தியவர் சிவகார்த்திகேயன். திருச்சியில் பள்ளிக்கூடம், திருச்சியிலேயே இன்ஜினியரிங் காலேஜ். 'கலக்கப் போவது யாரு'வில் மிமிக்ரி செய்து ஜெயித்து, அதே சேனலில் மைக் பிடித்தவர். "நம்ம ஊர்ப் பையன்" என்று சத்திரம் பேருந்து நிலையத்தில் இருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரைக்கும் பேசிக்கொண்டார்கள். அவர் 2012இல் 'மெரினா' மூலம் சினிமாவில் கதாநாயகனாகி, பிறகு மா.கா.பா. ஆனந்த் அந்த இடத்துக்கு வந்த பிறகும் ஊர் ரசிகர்கள் நிகழ்ச்சியை விட்டுவிடவில்லை. ஆகவே இந்த ஏமாற்றம் எதிரியுடையது இல்லை, வீட்டு ஆளுடைய ஏமாற்றம். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் விளையாட்டின் விதி

'அது இது எது'வில் மூன்று சுற்று. 'குரூப்புல டூப்பு' சுற்றில் வந்திருப்பவர்களில் யார் உண்மையான ஆள் என்று கண்டுபிடிக்க வேண்டும். 'மாத்தி யோசி' சுற்றில் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் ஜாலியான சுற்றுகள், சண்டை இல்லை.

இன்னொன்று 'சிரிச்சா போச்சு'. பிரபலங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் காமெடி கலைஞர்கள் வந்து ஒரு குட்டி நாடகம் போடுவார்கள். பிரபலம் சிரித்துவிட்டால் அவுட். நிகழ்ச்சியின் உயிரே இந்தச் சுற்றுதான். ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி, ராமர், தங்கதுரை என்று ஒரு பெரிய பட்டாளமே கலக்கிய சுற்று இது.

இந்த விதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சில நிமிஷத்துக்குள் அவரைச் சிரிக்க வைத்தாக வேண்டும். கதையை மெதுவாகக் கட்டி, ஒரு பாத்திரத்தை நிறுத்தி, கடைசியில் வெடிக்கிற நகைச்சுவைக்கெல்லாம் நேரம் கிடையாது. உடனே பலன் தருவது எது? ஆம்பளை சேலை கட்டிக்கொண்டு வருவது. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. எதிரில் இருப்பவரின் நிறத்தை, உயரத்தை, தொப்பையைக் கிண்டல் பண்ணுவது. விதியே கலைஞனை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. இதில் கலைஞனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி மட்டும்தான் வரும் என்று தெரிந்தால் எந்த மாணவன் பத்து மார்க் கேள்வியைப் படிப்பான்?

ஆனாலும் அந்த விதிக்குள்ளேயே இவர்கள் பல வாரம் அசத்தியிருக்கிறார்கள். ரசிகனுக்கு அது தெரியும். அதனால்தான் ஏமாற்றம்.

கையில் கிடைத்த இலக்கு

ஜீ தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. முதலில் நிர்மலா பெரியசாமி நடத்தினார், பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன். குடும்பத் தகராறு, காதல் தகராறு, ஓடிப்போன புருஷன், இரண்டாவது கல்யாணம்... இப்படிப்பட்ட வழக்குகளோடு ஜனங்கள் வருவார்கள். கேமரா முன்னால் விசாரணை நடக்கும். அழுகை, கத்தல், சில நேரம் கைகலப்பு. நடுவில் விளம்பர இடைவேளை.

வந்தவர்களில் பெரும்பாலானோர் யார்? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் பயப்படுகிறவர்கள். வசதியான வீட்டுத் தகராறுகள் அந்த நாற்காலியில் வந்து உட்காரவில்லை. அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், சமாதானம் பேசச் சொந்தக்காரர் இருக்கிறார், வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. ஏழையின் படுக்கையறைச் சண்டைதான் ஊர் பார்க்கிற பொழுதுபோக்கானது. 2018இல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. தனிமனிதர்களின் அந்தரங்கத்தை டி.வி. என்ன செய்கிறது என்ற கேள்வி அந்த அளவுக்குப் பெரிதாகியிருந்தது.

ஒரு காமெடிக்காரனுக்கு இதைவிட நல்ல இலக்கு கிடைக்குமா? யோசித்துப் பாருங்கள். ஒரு சேனல் தானே நீதிமன்றமாக உட்காருகிறது. குமுறி அழும் பெண்ணுக்குச் சரியாக அந்த இடத்தில் சோக வயலின் போடுகிறது. "இடைவேளைக்குப் பிறகு உண்மை வெளிவரும்" என்று சொல்லிவிட்டுச் சோப்புத்தூள் விளம்பரம் காட்டுகிறது. இத்தனையும் கேலி பண்ணுவதற்கென்றே சமைத்து வைத்த மாதிரி இருக்கிறது! கலைஞன் கை வைத்தால் போதும்.

'சிரிச்சா போச்சு' கை வைத்தது. ராமர் பெண் வேடத்தில் வந்து "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" என்று இழுத்துச் சொன்னார். அரங்கமே உருண்டு புரண்டு சிரித்தது. மறுநாள் முதல் தமிழ்நாடு முழுக்க அதே வாக்கியம். மொபைலில் அதே, மீம்ஸில் அதே, ஆட்டோ ஸ்டாண்டில் அதே.

ராமரின் டைமிங்கைக் குறை சொல்ல முடியாது. அந்த இழுவை, அந்த முகபாவம், அலட்டிக்கொள்ளாத நடை... அவர் அசாத்தியமான கலைஞர். ரசிகனின் புகார் அவர் மீது இல்லை. புகார் இதுதான்: அவ்வளவு பெரிய இலக்கு எதிரில் இருந்தும் குறி தப்பிவிட்டது. சேனல் தப்பித்தது. வயலின் தப்பித்தது. விளம்பர இடைவேளை தப்பித்தது. ஊர் ஞாபகத்தில் மிஞ்சியது இரண்டே இரண்டு: ஒரு பொம்பளை பேசும் தினுசு, ஒரு ஆம்பளை கட்டிய சேலை.

சேலை பிரச்சினையே இல்லை

"ஓ, ஆம்பளை பொம்பளை வேஷம் போட்டால் உங்களுக்குப் பிடிக்காதா?" என்று உடனே ஒரு கேள்வி வரும். தவறான கேள்வி.

பெண் வேடம் திருச்சிக்கு நேற்று வந்ததா என்ன? சிவாஜி கணேசன் சின்ன வயசில் வளர்ந்தது திருச்சியில். சின்னப் பையனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடங்கள் போட்டவர் அவர். அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளில் சீதையும் திரௌபதியும் எல்லாம் பையன்கள்தான். பார்த்தவர்கள் அழுதார்கள், யாரும் சிரிக்கவில்லை.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வாருங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள், பகல் பத்தின் கடைசி நாளில், நம்பெருமாளுக்கு மோகினி அலங்காரம். நாச்சியார் திருக்கோலம் என்பார்கள். அதைப் பார்க்க வரும் கூட்டத்தைக் கயிறு கட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அரையர் சேவையில் அரையர்கள் ஆழ்வாரின் பாசுரத்தைத் தலைவி நிலையில் நின்று அபிநயிப்பார்கள். ஆண் உடம்பு, பெண் குரல், பெண் ஏக்கம். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். இதே ஊரில், இதே ஜனங்கள் முன்னால்.

ஆக, ஆண் பெண்ணாக வருவது தன்னளவில் சிரிப்புக்குரிய விஷயம் இல்லை. அதைச் சிரிப்பாக ஆக்குவது ஒரு நினைப்பு. பெண் பேசுவதே சிரிப்பு, பெண் நடப்பதே சிரிப்பு, பெண் கோபப்படுவதே சிரிப்பு என்ற நினைப்பு. அந்த நினைப்பு இருந்தால் ஸ்கிரிப்டே எழுத வேண்டாம். சேலை ஒன்று இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. 'அவ்வை சண்முகி'யில் (1996) கமல் மாமி வேடம் போட்டபோது அந்த மாமிக்கு ஒரு காரணம் இருந்தது, குணம் இருந்தது, வீட்டையே ஆட்டிவைக்கிற புத்தி இருந்தது. படம் பார்த்தவர்கள் மாமியோடு சேர்ந்து சிரித்தார்கள். இங்கே அப்படியா?

ரசிகன் எழுந்து போனது சேலைக்காக இல்லை. சேலைக்குள் பாத்திரம் இல்லை என்பதற்காக.

தெருவுக்கு வந்த வாக்கியம்

டி.வி.யோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் டி.வி.யை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தால் அது யார் கையில் போகிறது என்பதுதான் கேள்வி.

ஜங்ஷனில் இருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ். காலேஜ் விடுகிற நேரம். படிக்கட்டில் நான்கு பையன்கள். இறங்க வழி கேட்கிற பெண்ணைப் பார்த்து ஒருத்தன், "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா". மற்ற மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்தப் பெண் திருப்பிக் கேட்டால் "ஏங்க, காமெடிங்க, இதுக்குப் போய்..." என்பார்கள். அந்த வருஷத்தில் பஸ்ஸில் போய்வந்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள், இது கற்பனையா என்று சொல்வார்.

கேலி பண்ணப்பட்டவர் யார் என்பதும் மறந்து போனது. லட்சுமி ராமகிருஷ்ணன் டி.வி. நாற்காலியில் உட்காருபவர் மட்டும் இல்லை, சினிமா இயக்குநர். மனநோயோடு போராடும் ஒரு தாயைப் பற்றி 'ஆரோகணம்' (2012) எடுத்தவர். இந்தக் கேலியால் ஏற்பட்ட வருத்தத்தை அவர் வெளிப்படையாகவே சொன்னார். உடனே கிடைத்த பதில் என்ன? "காமெடியைக் காமெடியா எடுத்துக்கத் தெரியல". சிரிப்பவர்களுக்கு எப்போதும் இப்படி ஒரு கவசம் கையில் தயாராக இருக்கிறது.

அவருடைய நிகழ்ச்சியை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். மேலே அதைத்தானே செய்தோம். ஆனால் அந்த நிகழ்ச்சியில் தப்பாக இருந்தது அவர் "என்னம்மா" என்று சொன்ன விதமா? அது பாவம், பேச்சுவாக்கில் வந்த ஒரு சாதாரண வார்த்தை. நம் அத்தைகள், பெரியம்மாக்கள் தினம் சொல்வது. தப்பு வேறு இடத்தில் இருந்தது. அந்த இடத்தை யாரும் தொடவில்லை.

அதைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. புகாரோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் கதி. முதல் தடவை அவர்கள் அழுகை விற்பனையானது. இரண்டாம் தடவை அந்த அழுகை நடந்த இடமே சிரிப்பாக விற்பனையானது. இரண்டு விற்பனையிலும் அவர்களுக்கு ஒரு பைசா பங்கு இல்லை.

கணக்குப் பார்ப்போம்

விற்பனை என்று வந்துவிட்டதால் கொஞ்சம் காமர்ஸ்.

ஒரு 'பஞ்ச் வாக்கியம்' என்பது ஒரு சொத்து. அதை உருவாக்கியவர் தெரியாமலே உருவாக்கினார். ராமர் அதற்கு மெருகேற்றினார். சேனல் அதை வாரா வாரம் ஓட்டியது. கடைசியில் அது சினிமாவுக்குப் போனது. பொன்ராம் இயக்கி 2016 பொங்கலுக்கு வந்த 'ரஜினிமுருகன்' படத்தில், இமான் இசையில், அந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு. கதாநாயகன் யார்? நம்ம ஊர் சிவகார்த்திகேயன். எந்த நிகழ்ச்சியில் மைக் பிடித்தாரோ அந்த நிகழ்ச்சியில் பிறந்த வாக்கியம் அவர் படத்துக்கே பாட்டானது. வட்டம் முழுசாக முடிந்தது.

ஆனால் எந்தச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு. பதினோராம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தில் 'குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று ஒன்று வரும். முதல் ஜிலேபி அமிர்தம், ஐந்தாவது ஜிலேபி தண்டனை. ஒரே வாக்கியத்தை, ஒரே சேலையை, ஒரே முகபாவத்தை எத்தனை தடவை விற்க முடியும்? தேய்மானத்துக்கு ஒதுக்கு நிதி வைக்காத கம்பெனி, இயந்திரம் தேய்ந்த அன்றைக்குப் புதிய இயந்திரம் வாங்கக் காசில்லாமல் நிற்கும். இங்கே ஒதுக்கு நிதி என்பது எழுத்தாளர்கள். புதுசாக யோசிக்கிற ஸ்கிரிப்ட். அதில் யாரும் முதலீடு போடவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு எந்த காமெடி நிகழ்ச்சியைத் திருப்பினாலும் ஒரு ஆம்பளை சேலையில் வந்து நின்றார். பார்க்கிற பிரபலம் சிரித்தார், நாற்காலியில் இருந்து எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். வீட்டில் உட்கார்ந்த ரசிகன் ரிமோட்டைத் தேடினான்.

லொள்ளு சபா என்ற பழைய கணக்கு

ரசிகனின் ஏமாற்றத்துக்கு இன்னொரு காரணம், அவன் இதைவிட நல்லதை இதே சேனலில் பார்த்திருக்கிறான். 'லொள்ளு சபா'. ராம்பாலா இயக்கம். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா, சேஷு. ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டு காட்சி காட்சியாகக் கிழிப்பார்கள். அட்டை செட், ஒட்டு மீசை, மொத்தச் செலவும் ஒரு நிஜப் படத்தின் டீச் செலவுக்குக் காணாது. ஆனால் சிரிப்பு எங்கிருந்து வந்தது? அந்தப் படத்தின் லாஜிக்கில் இருந்து. குண்டு பட்டும் பத்து நிமிஷம் வசனம் பேசும் அப்பா. ஒரே பாட்டில் பணக்காரனாகும் ஹீரோ. அதைப் பார்த்தபின் அசல் படத்தைச் சீரியஸாகப் பார்க்க முடியாது. பார்வையாளனுக்குக் கண் திறந்துவிட்டது என்று அர்த்தம். 2010இல் சி.எஸ். அமுதன் 'தமிழ்ப் படம்' எடுத்தபோது ஜனங்கள் சட்டென்று பிடித்துக்கொண்டதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

லொள்ளு சபா உத்தமமா? இல்லை. அங்கேயும் சேலை உண்டு, உருவக் கிண்டல் உண்டு. அங்கிருந்து சினிமாவுக்குப் போன சந்தானத்தின் காமெடியில் பெண்களையும் உருவத்தையும் மட்டம் தட்டுவது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் லொள்ளு சபாவின் அம்பு பெரும்பாலும் மேல் நோக்கிப் போனது. பெரிய ஹீரோ, பெரிய டைரக்டர், பெரிய பட்ஜெட். 2007இல் 'போக்கிரி'யைக் கிண்டல் செய்தபோது விஜய் ரசிகர்களின் எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தது. மேல் நோக்கி அம்பு விட்டால் திரும்பி வந்து குத்தும். அதுதான் விலை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய நடிகருக்கு ஊர் ஊராக மன்றம் இருக்கிறது. ஒரு பெண் தொகுப்பாளருக்கு எந்த ஊரில் மன்றம்? அவரைக் கிண்டல் பண்ணினால் போஸ்டர் கிழியாது, கல் வராது. வருத்தப்பட்டால் அதையும் சேர்த்துக் கிண்டல் பண்ணலாம். காமெடியில் இதைவிடப் பத்திரமான வேலை கிடையாது. தைரியம் தேவைப்படாத காமெடி எப்படி நல்ல காமெடியாகும்?

இது நம் மண்ணில் இல்லாத கலையா?

தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவின் பக்கத்தில் நின்றே ராஜாவைக் கிண்டல் பண்ணுவான். என்.எஸ். கிருஷ்ணன் நந்தனார் கதாகாலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே எடுத்து 'கிந்தனார்' ஆக்கினார். 'நல்லதம்பி' (1949) படத்தில் பார்க்கலாம். நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கிறான். அசலைத் தெரிந்தவன் இன்னும் நன்றாகச் சிரிப்பான். சிரித்து முடித்ததும், அந்தப் பையனை ஏன் பள்ளிக்கூடம் விடவில்லை என்று கேள்வி வரும். கேலி நாடகம் என்றால் இதுதான். வடிவத்தைக் காப்பியடித்து, அதற்குள் ஒரு கேள்வியை ஒளித்து வைப்பது.

திருச்சிக்கே வருவோம். 1979இல் திருச்சியில் மறைந்த எம்.ஆர். ராதாவின் நாடகங்களுக்காகத்தான் 1954இல் சென்னை மாகாணத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது என்று சொல்வார்கள். அவருடைய ராமாயண நாடகம் அந்தச் சட்டத்தின் முக்கியமான இலக்கு. அவர் சொன்னதெல்லாம் சரியா என்பது வேறு விவாதம். ஸ்ரீரங்கத்தில் அவர் பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் இன்றும் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு காமெடிக்காரனைக் கண்டு அரசாங்கம் சட்டம் போட்டது! இன்றைய காமெடியைக் கண்டு யார் பயப்படுகிறார்கள்? பஸ் படிக்கட்டில் வழி கேட்கும் பெண் பயப்படுகிறாள். அவ்வளவுதான் நம் சாதனை.

வழக்கமான மூன்று பதில்கள்

"பிடிக்கலைன்னா பார்க்காதே, சேனலை மாத்து." சரி. ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் வேறு ஓட்டலுக்குப் போகலாம். ஆனால் இருபது வருஷமாகச் சாப்பிட்ட ஓட்டல் என்றால் சர்வரைக் கூப்பிட்டு "என்னப்பா, இன்னைக்கு இப்படி இருக்கே?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பது அந்த ஓட்டல் மேல் உள்ள பிரியம். பேசாமல் எழுந்து போகிறவன் திரும்பி வரமாட்டான்.

"கஷ்டப்பட்டு மேலே வந்த கலைஞர்களை ஏன் சார் குறை சொல்றீங்க?" இதுதான் கொஞ்சம் நியாயமான பதில். இவர்களில் பலர் கோயில் திருவிழா மேடைகளில் இருந்து வந்தவர்கள். வடிவேல் பாலாஜி 2020 செப்டம்பரில் போனார். சேஷு 2024இல். ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில். ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் சொந்தக்காரர் போன மாதிரி வருத்தப்பட்டார்கள். அந்தப் பிரியம் நிஜம். அதனால்தான் கேட்கவும் வேண்டியிருக்கிறது: இவ்வளவு திறமையான ஆட்களின் கையில் நல்ல ஸ்கிரிப்டைக் கொடுக்காமல் சேலையை மட்டும் கொடுத்தது யார்? அவர்களுக்கு வயசாகும்வரை ஒரே வேஷத்தைப் போட வைத்தது யார்? கலைஞர்களை உண்மையிலேயே குறைத்து மதிப்பிட்டது ரசிகனா, சேனலா?

"சிரிக்கத்தானே பார்க்கறோம், இதுல போய் ஆராய்ச்சியா?" நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து சிரிக்க உட்காருவது தப்பே இல்லை. ஆனால் சிரிப்பு மட்டும் ஏன் கேள்வி கேட்கக்கூடாத பொருளாக இருக்க வேண்டும்? அரிசியில் கல் இருந்தால் கேட்கிறோம். பாட்டில் சுருதி போனால் கேட்கிறோம். காமெடியில் மட்டும் எது போட்டாலும் வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டுமாம். 'சிரிச்சா போச்சு' விதி உல்டாவாகி வீட்டுக்கு வந்துவிட்டது. அங்கே சிரித்தால் அவுட். இங்கே சிரிக்காவிட்டால் அவுட்.

ரசிகன் கேட்பது ரொம்பப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. சட்டம் வேண்டாம், தடை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். தடை என்று ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது நல்ல காமெடிதான் என்று 1954இலேயே பார்த்தாயிற்று. கலைஞர்களுக்குச் சில நிமிஷத்துக்குப் பதிலாகப் பதினைந்து நிமிஷம் கொடுங்கள். எழுதுகிறவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து டைட்டிலில் பேர் போடுங்கள். பெண் பாத்திரம் வேண்டுமென்றால் காமெடி தெரிந்த பெண்களைக் கூப்பிடுங்கள், தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. வேறு சேனலைக் கிண்டல் பண்ணுவதென்றால் அங்கே வந்து அழுகிறவளை விட்டுவிட்டு, அந்த அழுகைக்கு வயலின் போடுகிறவரைக் கிண்டல் பண்ணுங்கள். முடிந்தால் சொந்த சேனலின் வயலினையும்.

அன்றைக்கு ராமருக்கு வயலின்காரர் வேடம் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அழுகை வரவில்லையே என்று தவிக்கிற வயலின்காரர். அந்த முகத்துக்கும் அந்த இழுவைக்கும் பிரபலங்கள் எல்லோரும் முதல் நிமிஷத்திலேயே அவுட் ஆகியிருப்பார்கள். பஸ் படிக்கட்டில் நிற்கிற பையனுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைத்திருக்காது.